முதல் மலைச் சைக்கிளுக்கு எந்தச் சக்கரம்?

கோவையில் ஒரு சைக்கிள் கடை. அக்கா மகளுக்குப் பதினான்கு வயது, உயரம் 153 செ.மீ. அவளுக்கு முதல் கியர் சைக்கிள் எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் சுவரோரம் நின்றிருந்த பெரிய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "இருபத்தொன்பது சக்கரமுங்க. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. வளர்ற புள்ளைக்கு இதையே எடுத்துருங்க, நாலு வருசத்துக்குப் பாக்க வேண்டியதில்ல" என்றார். அவள் வண்டியின் இருபுறமும் கால் போட்டு நின்று பார்த்தாள். நுனிக்கால் தரையில் பட்டது. குதிகாலை இறக்கியதும் மேல்கம்பி இடித்தது. "மாமா, சட்டுனு பிரேக் போட்டு எறங்கினா நல்லா இடிக்கும்" என்றாள். அடுத்து இருபத்தேழரைச் சக்கரம், அதிலும் சின்ன ஃபிரேம். குதிகால் தரையில் பதிய நின்றபோது கம்பிக்கும் உடலுக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. அந்த வண்டியைத்தான் எடுத்தோம்.

முதல் மலைச் சைக்கிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சக்கரத்தின் எண்ணில்தான் கேள்வியைத் தொடங்குகிறார்கள். 26 பழசா? 27.5 போதுமா? 29 எடுத்தால்தான் சரியா? இந்த மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றுக்கும் சொல்லப்படும் பெருமைகளில் எவ்வளவு உண்மை, அந்த உண்மையில் முதல் வண்டி வாங்குகிறவருக்கு உதவுவது எவ்வளவு என்று ஒழுங்காகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எண்களுக்குப் பின்னால் உள்ள அளவு

26, 27.5, 29 என்பவை டயர் மாட்டி, காற்றடித்த பின் சக்கரத்துக்கு வரும் வெளி விட்டத்தை அங்குலத்தில் தோராயமாகச் சொல்பவை. உண்மையான அளவு ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அது 26க்கு 559 மி.மீ., 27.5க்கு 584 மி.மீ., 29க்கு 622 மி.மீ. இவற்றோடு டயரின் பருமனை இருபுறமும் கூட்டினால் அங்குலக் கணக்கு வந்துவிடும். 57 மி.மீ. பருமனுள்ள டயரை 622 ரிம்மில் மாட்டினால் 736 மி.மீ., அதாவது 29 அங்குலம். அதே டயர் 584 ரிம்மில் 698 மி.மீ., அதாவது இருபத்தேழரை அங்குலம்.

டயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தால் 57-622 என்பது போல இரண்டு எண்கள் புடைத்து நிற்கும். முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது ரிம் விட்டம். டயர் வாங்கும்போது நம்ப வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். "26" என்ற பெயரில் 559, 571, 584, 590, 597 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் உலகில் புழங்கியிருக்கின்றன. பெண்கள் சைக்கிள்களில் வந்த 26 × 1⅜ டயர் 590 ரிம்முக்கானது. அது 559 ரிம்முள்ள மலைச் சைக்கிளுக்குப் பொருந்தாது.

நம் வீடுகளில் தாத்தா ஓட்டிய கறுப்புச் சைக்கிளை "22 இன்ச் வண்டி" என்போம். அந்த 22 ஃபிரேமின் உயரம். சக்கரத்தில் இருந்தது 28 × 1½ டயர், அதன் ரிம் 635 மி.மீ. இன்று புதுமை என்று விற்கப்படும் 29இன் ரிம்மைவிட அது 13 மி.மீ. பெரியது. பெரிய சக்கரம் மேடுபள்ளத்தை எளிதாகத் தாண்டும் என்பதைக் குண்டும் குழியுமான ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிப் போனவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சைக்கிளின் அளவு என்றால் ஃபிரேமின் அளவு. இப்போது அளவு என்றால் சக்கரம் என்றாகிவிட்டது. இன்றைய குழப்பத்தில் பாதி இந்த மாற்றத்தால் வந்தது.

26 வந்த வழி

மலைச் சைக்கிள் 26 அங்குலச் சக்கரத்தில் பிறந்ததற்கு யாரும் போட்ட கணக்கு காரணமில்லை. கைக்குக் கிடைத்த டயர்தான் காரணம். அமெரிக்காவின் ஸ்வின் நிறுவனம் 1933இல் 26 அங்குல பலூன் டயர்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970களில், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இளைஞர்கள் சிலர் அந்தப் பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து டமால்பைஸ் மலைப் பகுதியின் மண் பாதைகளில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் "ரீபேக்" என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் அளவுக்கு இறங்கும் பாதை அது. ஒரே இறக்கத்தில் பின் சக்கரத்தின் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். அதைத் திரும்ப நிரப்ப வேண்டியிருந்ததால்தான் பாதைக்கே அந்தப் பெயர் வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே புது ஃபிரேம் கட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் "மவுண்டன்பைக்ஸ்" என்ற பெயரில் நிறுவனம் தொடங்கினார்கள். டாம் ரிட்சி அவர்களுக்கு ஃபிரேம் கட்டிக் கொடுத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான மலைச் சைக்கிளாகச் சந்தைக்கு வந்தது. இவை எல்லாமே 26. டயரும் ரிம்மும் டியூபும் அந்த அளவில் குவிந்துவிட்டதால் அடுத்த பல ஆண்டுகளுக்கு வேறு அளவு நுழைய இடமே இல்லாமல் போனது.

29, பிறகு 27.5

பெரிய சக்கரத்தை முயன்று பார்த்தவர்கள் அப்போதே இருந்தார்கள். இங்கிலாந்தின் ஜெஃப் ஆப்ஸ், பின்லாந்தின் பனிச் சாலைகளுக்கென்று நோக்கியா செய்த ஹக்கபெலிட்டா டயர்களைக் கொண்டு பெரிய சக்கர வண்டிகளைக் கட்டினார். 1980களின் தொடக்கத்தில் அந்த டயர்கள் சில கலிபோர்னியா நண்பர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. தொடர்ந்து கிடைக்காததால் முயற்சி நின்றது. 1999இல் வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் நிறுவனம் நானோராப்டர் என்ற டயரை 622 அளவில் மலைப் பாதைக்கேற்ற பருமனில் வெளியிட்டது. 29 உண்மையில் பிறந்தது அன்றுதான்.

முதலில் வந்த 29 வண்டிகள் திரும்ப மறுப்பவை, சோம்பேறி வண்டிகள் என்று பெயர் வாங்கின. குறை உண்மை, ஆனால் அது சக்கரத்தை மட்டும் சேர்ந்ததில்லை. 26க்கான ஃபோர்க்கில் அச்சு முன்னோக்கித் தள்ளி இருக்கும் தூரம் பொதுவாக 38 மி.மீ. அதே அளவில் பெரிய சக்கரத்தைப் போட்டால் ஹேண்டில்பார் நேர்கோட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும், திருப்பக் கனக்கும். பிறகு அந்தத் தூரத்தை 46, 51 மி.மீ. என்று கூட்டினார்கள், பின்பக்கக் கம்பிகளையும் குறுக்கினார்கள். வண்டி லேசாகத் திரும்பத் தொடங்கியது. இன்று யாராவது "29 வளையாது" என்றால், அது பெரும்பாலும் அந்தப் பழைய வண்டிகளைப் பற்றிய நினைவு.

27.5 இன்னும் வேடிக்கையான வழியில் வந்தது. 584 ரிம் பிரெஞ்சுக்காரர்களின் நெடும்பயணச் சைக்கிள்களில் 650பி என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக இருந்த அளவு. அதை 2007 வாக்கில் கிர்க் பசென்டி என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஜயன்ட் நிறுவனம் 2014 மாடல்களில் பெரும்பகுதியை 27.5க்கு மாற்றியது. 26 மெல்ல விலை குறைந்த வண்டிகளுக்கும் சிறுவர் வண்டிகளுக்கும் ஒதுங்கியது.

இந்த எண்ணில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 27.5 என்றதும் 26க்கும் 29க்கும் சரி நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். ரிம்மில் பார்த்தால் அது 26ஐவிட 25 மி.மீ. பெரியது, 29ஐவிட 38 மி.மீ. சிறியது. ஆக, அது 26க்குப் பக்கத்து வீடு.

பந்தயம் சொன்னது

2012 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் 27.5இல் வென்றார். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் தங்கம் வாங்கினார், 27.5இல் வந்த ஷுர்ட்டருக்கு வெள்ளி. 2016 ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வென்றபோது அவர் வண்டியிலும் 29 இருந்தது. செங்குத்து இறக்கப் பந்தயத்தில் 29 நுழைந்தது 2017இல். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் கிரெக் மின்னார் அதில் வென்றார். 2019இல் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுச் சக்கரம் போடப் பன்னாட்டு சைக்கிள் சங்கத்தின் விதிகள் இடம் கொடுத்தன. முன்னே 29, பின்னே 27.5 என்ற அந்தக் கலப்பில் பிரான்சின் லோயிக் ப்ரூனி அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் ஆனார்.

பந்தயத்தின் தீர்ப்பு தெளிவு. கடிகாரத்தோடு போட்டி போடுகிறவருக்கு முன் சக்கரம் பெரிதாக இருப்பது நல்லது. ஆனால் அந்த வீரர்களின் வண்டி உடலுக்கு அளந்து பொருத்தப்பட்டது. சக்கரம் எடை குறைந்த கார்பன், டயரின் காற்றை ஒவ்வொரு பாதைக்கும் தனியாகச் சரிபார்ப்பார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்து வந்து, பதினைந்து கிலோ எடையுள்ள முதல் வண்டியின் மீது ஒட்ட முடியாது. நமக்கான கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

கல்லும் சக்கரமும்

29க்குச் சொல்லப்படும் முதல் பெருமை, அது கல்லையும் வேரையும் எளிதாகத் தாண்டும் என்பது. சக்கரம் ஒரு கல்லில் மோதும்போது எவ்வளவு செங்குத்தான கோணத்தில் மோதுகிறது என்பதை வடிவக் கணிதத்திலேயே கண்டுவிடலாம். 10 செ.மீ. உயரக் கல்லில் 26 சக்கரம் மோதும் கோணம் சுமார் 45.6 டிகிரி. 27.5க்கு 44.5, 29க்கு 43.3. கல்லின் உயரம் 5 செ.மீ. என்றால் முறையே 31.8, 31.0, 30.2. பெருமை உண்மைதான், அதன் அளவோ 27.5க்கும் 29க்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு டிகிரி.

ஒரு டிகிரி என்று ஒதுக்கவும் முடியாது. சரளைப் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சக்கரம் ஆயிரக்கணக்கான கற்களைச் சந்திக்கிறது. ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் சிறு அதிர்ச்சி கடைசியில் மணிக்கட்டிலும் முதுகிலும் தெரியும். பள்ளத்திலும் அப்படித்தான். பெரிய சக்கரம் சின்னக் குழிக்குள் ஆழமாக இறங்காது. நீண்ட தூரம் ஓட்ட நினைப்பவருக்கு இது மெய்யான ஆதாயம். ஆனால் கல்லென்று இறுகக் காற்றடித்த 29 சக்கரத்தைவிட, சரியான காற்றுள்ள 27.5 சக்கரம் அதே பாதையில் மெத்தென்று போகும்.

அடுத்த பெருமை பிடிமானம். பெரிய சக்கரம் தரையில் அதிக இடத்தில் பதியும் என்பார்கள். பதியும் பரப்பை முக்கியமாக முடிவு செய்வது மேலே உள்ள எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும். இரண்டும் மாறாதபோது பெரிய சக்கரத்தின் பதிவு சற்று நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கும், பரப்பு ஏறக்குறைய அதேதான். பிடிமானம் வேண்டுமென்றால் டயரின் பருமனையும் பொத்தான்களின் அமைப்பையும் காற்றையும் பார்க்க வேண்டும். ரிம் விட்டம் அதற்குப் பின்னால்தான் வரும்.

எடையும் திருப்பமும்

29க்குச் சொல்லப்படும் குறை, கிளம்ப நேரமாகும் என்பது. இதையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரே வகை ரிம், டயர், டியூப் என்றால் 27.5இலிருந்து 29க்குப் போகும்போது எடை ஏறக்குறைய 6.5 சதவீதம் கூடும். நடுத்தர விலைச் சக்கரங்களில் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 200 கிராம். சக்கர விளிம்பில் உள்ள எடை, வேகமெடுக்கும்போது இரு மடங்காகக் கணக்காகும். அப்படியானால் 400 கிராம். 60 கிலோ மனிதரும் 15 கிலோ வண்டியும் சேர்ந்த 75 கிலோவில் இது அரை சதவீதம். காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை ஏற்றிவிடுகிறார்.

திருப்புவதில் கதை வேறு. சக்கரத்தைச் சாய்க்கவும் திருப்பவும் எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது எடையோடு ஆரத்தின் இருமடியையும் சேர்த்துக் கூடும். அந்தக் கணக்கில் 29 சக்கரம் 27.5ஐவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக முரண்டு பிடிக்கும். குறுகிய வளைவுகளில் வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து விளையாட விரும்புகிறவர்களுக்கு 27.5 பிடித்துப்போவது இதனால்தான். நேர்ப்பாதையில் வேகமாகப் போகும்போது அதே முரண்டு 29ஐ ஆடாமல் பிடித்துவைக்கிறது. ஒரே குணம் ஓரிடத்தில் நன்மையாகவும் இன்னோரிடத்தில் தொல்லையாகவும் இருக்கிறது.

பெரிய சக்கரத்தின் போக்ஸ் கம்பிகள் நீளமானவை. அதனால் பக்கவாட்டில் சற்று அதிகம் வளைந்துகொடுக்கும். உயர் ரக வண்டிகளில் 2015 வாக்கிலிருந்து பின் ஹப்பை 142இலிருந்து 148 மி.மீ.க்கு அகலப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். விலை குறைந்த வண்டியில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. ஆகவே உடல் எடை கூடியவர் மலிவான 29 எடுத்தால், ஒரு மாதம் ஓட்டிய பின் இரண்டு சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்து, கம்பிகளைச் சீராக இறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் கம்பி அறுந்த வண்டிகள் ஏராளம்.

ஏற்றத்தில் கியர்

கடையில் யாரும் சொல்லாத ஒன்று இது. சக்கரம் பெரிதானால் கியரும் கனமாகிவிடும். 27.5 சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.19 மீட்டர் உருளும், 29 சக்கரம் 2.31 மீட்டர். முன்னே 32 பல், பின்னே 42 பல் என்று வைத்தால், ஒரு மிதிக்கு 27.5 வண்டி 1.67 மீட்டர் நகரும், 29 வண்டி 1.76 மீட்டர் நகரும். தட்டையான சாலையில் இது லாபம். கோத்தகிரிச் சரிவில் ஏறும்போது ஒவ்வொரு மிதியிலும் ஐந்து சதவீதம் கூடுதல் அழுத்தம். முழங்கால் அதைக் கவனிக்காமல் விடாது. 29 எடுத்தால் முன் பற்சக்கரத்தில் 32க்குப் பதில் 30 பல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது பின் கியர்க்கொத்தில் பெரிய பல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கியரே இல்லாத வண்டியில் இந்த வேறுபாடு இன்னும் கனமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே மாற்றிக்கொள்ள வழியில்லை.

உடம்புதான் முதல் அளவுகோல்

இதுவரை பார்த்த வேறுபாடுகள் பெரும்பாலும் ஒரு டிகிரி, அரை சதவீதம், ஐந்து சதவீதம் என்று சின்னவை. உடலுக்குப் பொருந்தாத வண்டி தரும் துன்பத்தை எந்தச் சதவீதத்திலும் அடக்க முடியாது.

29 சக்கரத்தின் அச்சு 27.5இன் அச்சைவிட 19 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதன் மேல் ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் ஏறி நிற்கும். உயரமானவருக்கு இது வசதி, முதுகு நிமிர்ந்திருக்கும். 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஹேண்டில்பார் சீட்டைவிட மேலே போய்விடும். ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும், முன்னே குனிந்து பாரம் கொடுக்க முடியாது. சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மெதுவாகத் திரும்பும்போது மிதியில் உள்ள பாதத்தின் நுனி முன் டயரில் உரசும். புதிதாக ஓட்டுகிறவர் விழுவதற்கு அது போதும். செங்குத்து இறக்கத்தில் உடலைப் பின்னால் தள்ளும்போது பின் சக்கரம் தொடையில் தட்டுவதும் குள்ளமானவர்களுக்கே நேர்கிறது.

உற்பத்தியாளர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். டிரெக் நிறுவனம் தன் மார்லின் வரிசையில் சின்ன ஃபிரேம்களுக்கு 27.5உம் நடுத்தரத்துக்கு மேல் 29உம் போட்டு விற்றது. வாங்குகிறவர் ஃபிரேம் அளவைச் சொன்னால் சக்கரம் தானாக வந்துவிடும். எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்யாவிட்டாலும், நாம் யோசிக்க வேண்டிய வரிசை இதுதான்.

பொதுவான வழிகாட்டியாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 135 செ.மீ.க்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 20 அல்லது 24. 135 முதல் 150 வரை 24 அல்லது 26. 150 முதல் 165 வரை 27.5. அதற்கு மேல் 29, வளைந்து நெளிந்து விளையாட விரும்பினால் 27.5. ஓரிரு செ.மீ. முன்பின்னாக இருப்பவர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஒரு வார்த்தை. சட்டையும் செருப்பும் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவராதீர்கள். பெரிய சைக்கிளின் கம்பிக்கு நடுவே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை, வீட்டில் இருந்தது அந்த ஒரு சைக்கிள்தான். இன்று 24 அங்குல வண்டியை வாங்கி ஓட்டி, வளர்ந்த பின் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்ற முடியும். பயத்தோடு ஓட்டிய இரண்டு ஆண்டுகளைப் பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது.

நம் பாதையும் நம் முள்ளும்

தமிழ்நாட்டில் முதல் மலைச் சைக்கிள் வாங்குகிறவர் ஓட்டப்போவது எங்கே? பெரும்பாலும் பாதித் தூரம் தார் ரோடு. மீதி குளக்கரை, வாய்க்கால் மேடு, தோட்டத்து மண் தடம், எப்போதாவது நீலகிரியிலோ ஏற்காட்டிலோ ஓர் எஸ்டேட் சாலை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பாதைகளில் 29 நன்றாக ஓடும், 27.5உம் நன்றாக ஓடும். பாறைக்குப் பாறை தாவும் இறக்கங்களுக்காகச் செய்த கலப்புச் சக்கர வண்டியும், மூன்று அங்குல டயரும் இங்கே முதல் வண்டிக்குத் தேவைப்படாது.

நம் பாதைகளின் உண்மையான எதிரி முள். சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து டியூபில் ஏறும். நெருஞ்சி சின்னதாக ஒட்டிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்த பின்தான் காற்றை இறக்கும். ஆகவே மாற்று டியூப் எங்கே கிடைக்கும் என்பது சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேர்மையான ஒரு கேள்வி. நகரத்துக் கடைகளில் மூன்று அளவும் கிடைக்கும். சிற்றூர்களில் 26 டியூப் கிடைக்கும் இடங்களில் எல்லாம் 29 கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வாங்குமுன் உங்கள் ஊர்ப் பஞ்சர் கடையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அவசரத்துக்கு 27.5 டியூபை 29 டயருக்குள் வைத்து வீடு வந்து சேரலாம், ரப்பர் அவ்வளவு இழுபடும். டயரில் அந்தச் சலுகை கிடையாது. டியூபின் வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வகையாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம்.

காற்றைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கக் கூடாது என்று அடித்துவிடுவோம். மெல்லிய டயருக்குப் பழகிய கை அது. 2.25 அங்குல டயருக்கு, 60 கிலோ மனிதருக்கு, மண் பாதையில் 30 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரத்தில் இருந்தால் போதும், தார் ரோட்டுக்கு இன்னும் பத்து கூட்டலாம். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் வைத்து, ஒரே பாதையை இரண்டு அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். 27.5இலிருந்து 29க்கு மாறியதைவிடப் பெரிய மாற்றம் கையில் தெரியும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பழைய 26 கிடைத்தால்

உறவினர் வீட்டிலோ பழைய வண்டி விற்கும் இடத்திலோ நல்ல 26 மலைச் சைக்கிள் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். தள்ளிவிட வேண்டியதில்லை. ஜோ பிரீஸும் டாம் ரிட்சியும் இறங்கிய மலைகளை இறங்கியது இந்தச் சக்கரம்தான். ஃபிரேமில் விரிசல் இல்லாமல், ரிம் நேராக, ஹப்பில் ஆட்டம் இல்லாமல் இருந்தால் கற்றுக்கொள்ள அருமையான வண்டி. ஒன்றை மட்டும் யோசியுங்கள். புதிய நல்ல ஃபோர்க்குகளும் தரமான மலை டயர்களும் 26இல் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. ஓட்டிப் பழகி, பிறகு பெரிய வண்டிக்குப் போவதற்கென்றால் எடுங்கள். பாகம் பாகமாக மாற்றி மேம்படுத்தும் எண்ணமிருந்தால் வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

வழக்கமாக அணியும் ஷூவோடு போங்கள். வண்டியின் இருபுறமும் கால் போட்டு, குதிகால் பதிய நில்லுங்கள். மேல்கம்பிக்கு மேலே மூன்று, நான்கு விரல் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். மிதிகளைக் கிடையாக வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்து, பாதம் டயரில் உரசாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடை வாசலில் எட்டுப் போடுங்கள். ஒரு சிறிய படியில் ஏறி இறங்குங்கள். முடிந்தால் ஏதாவது ஒரு மேட்டில் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறுங்கள். ஐந்து நிமிடத்தில் உடம்பு சொல்லிவிடும்.

பட்ஜெட் ஒன்றாக இருக்கும்போது பெரிய சக்கரத்துக்காக மற்றவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். நன்றாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், இரட்டைச் சுவர் ரிம், கைக்குப் பொருந்தும் பிரேக் பிடி, ஏற்றத்துக்குப் போதுமான கியர் ஆகியவை உள்ள 27.5 வண்டி, இவற்றில் கஞ்சத்தனம் செய்த 29 வண்டியைவிட எந்த நாளும் நல்லது. அதே பட்ஜெட்டில் இரண்டும் சமமாகக் கிடைத்து, உங்கள் உயரமும் 165 செ.மீ.க்கு மேல் இருந்தால் தயங்காமல் 29 எடுங்கள். அதன் நன்மை சின்னது, ஆனால் மெய்யானது, நாள் முழுதும் கூடவே வரும்.

என் முடிவு இது. ஃபிரேம் முதலில், பாதை இரண்டாவது, ஊரில் கிடைக்கும் டியூபும் டயரும் மூன்றாவது. இந்த மூன்றையும் பார்த்து முடித்தால் சக்கரத்தின் எண் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். அக்கா மகள் இப்போது வாரம் மூன்று நாள் விடிகாலையில் குளக்கரையைச் சுற்றுகிறாள். வண்டி அவள் உடம்புக்குப் பொருந்தியிருக்கிறது. நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன் சுவரில் சாய்ந்து நின்று உங்கள் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் முதலில் சொல்ல வேண்டிய எண் அதுதான்.